பழைய கார் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகுகிறதா? வீட்டிலேயே மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக்கணக்கில் ஓடிய காரில் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) போய்வரும் ரப்பர் ஹோஸ்கள் ஒழுக ஆரம்பிப்பது சகஜம். அவற்றை மாற்ற பெரிய கருவிகள் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரும் பிளையரும் பிடித்துப் பழகியவர் நிதானமாகச் செய்தால் அரை நாளில் முடித்துவிடலாம். வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். பழைய ஹோஸைப் பிடுங்கும்போது ரேடியேட்டரின் மூக்கு (ஹோஸ் மாட்டும் குழாய்முனை) உடைகிறது. திரும்பக் கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கி எஞ்சின் கொதிக்கிறது. அதனால் அந்த இரண்டைப் பற்றியும் இங்கே கூடுதலாகவே எழுதியிருக்கிறேன்.

ஒழுகுவது ஹோஸ்தான் என்று எப்படி உறுதி செய்வது?

காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் அது என்ன என்று பாருங்கள். ஏசி ஓடிய காரின் அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமோ வாடையோ இருக்காது. கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று ஏதாவது நிறம் இருக்கும், விரலில் லேசாக வழவழக்கும், ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். முகர்ந்து பார்த்தால் போதும், நாக்கில் வைக்க வேண்டாம், அது விஷம்.

கூலன்ட் என்று தெரிந்தபின், ஆறிய எஞ்சினில் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஒழுகல் எப்போதும் தொடங்கிய இடத்தைவிடக் கீழேதான் சொட்டும். மேல் ஹோஸில் கசிந்தது ரேடியேட்டர் ஓரமாக வழிந்து, கீழ் ஹோஸின் கிளாம்பில் (முனையை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில்) வந்து சொட்டுவதைப் பார்த்துவிட்டு கீழ் ஹோஸை மாற்றிவிடுபவர்கள் உண்டு. கூலன்ட் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை படிந்திருக்கும். அந்தக் கறையின் மிக உயரமான புள்ளியைப் பிடியுங்கள்.

ஹோஸ் இல்லாத மற்ற சந்தேக நபர்களும் இருக்கிறார்கள். கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாக ஈரம் வந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். காருக்குள் கால்வைக்கும் விரிப்பு ஈரமாகி, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர். எந்தப் பக்கமும் ஒழுகாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டு, சைலன்சரில் வெண்புகை வந்தால் போயிருப்பது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. இவற்றுக்கெல்லாம் ஹோஸ் மாற்றிப் பயனில்லை.

காலையில் குளிராக இருக்கும்போது சொட்டுகிறது, வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது. ஏன்?

கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. குளிரில் ரப்பரும் உலோகமும் சுருங்கும்போது இடைவெளி விழுகிறது, சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது. திருகு வகைக் கிளாம்பில் இது அடிக்கடி நடக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அரைச் சுற்று முறுக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் மேலும் மேலும் முறுக்காதீர்கள். ரப்பர் முனை தன் மீள்தன்மையை இழந்துவிட்டது, ஹோஸை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும் ஹோஸையும் மாற்றச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்த ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை, நடுவே நூல் பின்னல் இருக்கும். இவை கெடுவது முக்கியமாக உள்ளிருந்துதான். எஞ்சினின் உலோகம், கூலன்ட், ஹோஸ் மூன்றும் சேர்ந்து ஒரு மெல்லிய மின்கலம்போல் செயல்பட்டு, ரப்பரின் உட்சுவரில் நீளவாக்கில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகின்றன. விரிசல் வழியாகக் கூலன்ட் நூல் பின்னல்வரை போய் அதை இற்றுப்போகச் செய்கிறது. வெளித்தோல் கடைசிவரை நன்றாகவே இருக்கும், திடீரென்று ஒருநாள் பிளக்கும்.

அதனால் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின் ஹோஸின் நடுப்பகுதியை ஒருமுறை கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு கிளாம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, முனைப் பக்கம் அழுத்துங்கள். நல்ல ஹோஸில் இரண்டும் ஒரே மாதிரி அமுங்கி உடனே எழும்பும். கெட்டுப்போனதில் முனைப் பக்கம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போகும். சிலசமயம் விரலுக்கடியில் நறநறவென்று நூல் நொறுங்குவதுகூடத் தெரியும். இந்தச் சேதம் முனைகளை ஒட்டித்தான் அதிகம். அதனால் நடுவை மட்டும் அழுத்திப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

இன்னும் சில அடையாளங்கள்: கல்லாக இறுகி, வளைத்தால் தோல் வெடிப்பது; ஒரு இடத்தில் மட்டும் வீங்கி நிற்பது; எஞ்சின் ஆயில் பட்டு ஊறிப்போய் பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது; பெல்ட்டோ பிராக்கெட்டோ உரசித் தேய்ந்திருப்பது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே மாற்றிவிடுங்கள்.

ஒன்று ஒழுகினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள் என்பது என் கருத்து. இரண்டும் ஒரே வயது, ஒரே சூடு பட்டவை. எப்படியும் கூலன்ட்டை முழுக்க வடிக்கத்தான் போகிறீர்கள்.

மேல் ஹோஸ், எஞ்சினின் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை விடும் வால்வு) உறையிலிருந்து ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போகிறது. பெரும்பாலான கார்களில் சூடான கூலன்ட் வருவது இதில்தான். கீழ் ஹோஸ், ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகிறது. இது பம்ப் உறிஞ்சும் பக்கம். அதனால் சில கார்களில் ஹோஸ் சப்பிப்போகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். பழையதில் சுருள் இருந்து புதியதில் இல்லையென்றால், அந்த ஹோஸ் சுருளே தேவைப்படாத அளவு கெட்டியாகச் செய்யப்பட்டதா என்று விசாரித்துவிட்டு மாட்டுங்கள்.

இவை தவிர ஹீட்டருக்குப் போய்வரும் மெல்லிய ஹோஸ்கள் இரண்டு, சில எஞ்சின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினிலேயே கூலன்ட்டைச் சுற்றவிடும் விரல் நீளப் பைபாஸ் ஹோஸ் ஒன்று, மிகுந்த கூலன்ட் தங்கும் ரிசர்வ் டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாய். பைபாஸ் ஹோஸைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது மற்ற பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அது வெடித்தாலும் எஞ்சின் அதே மாதிரிதான் கொதிக்கும்.

புது ஹோஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் காரின் மாடல், வருடம், எஞ்சின் மூன்றையும் சொல்லி, அந்த வளைவிலேயே வார்த்த ஹோஸை வாங்குங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றி எடுத்துப்போய் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு முனைகளின் விட்டம் வெவ்வேறாக இருக்கும் ஹோஸ்களும் உண்டு. நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கூர்மையான கத்தியால் நேராக வெட்டிக்கொள்ளலாம். விட்டம் பெரிதாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். கிளாம்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்லலாம். ரப்பர் மடிப்பு விழுந்து அந்த மடிப்பின் வழியாகவே ஒழுகும்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் மடிப்பு மடிப்பான நெளி ஹோஸ் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது தன்போக்கில் நிமிரப் பார்க்கும். அந்த இழுவிசை முழுவதும் ரேடியேட்டரின் மூக்கில்தான் விழும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

சிலிக்கான் ஹோஸ் சூட்டை நன்றாகத் தாங்கும், நெடுநாள் வரும். ஆனால் அது மென்மையானது. சாதாரணத் திருகுக் கிளாம்பின் வெட்டுப் பற்கள் அதை அறுத்துவிடும், உட்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள கிளாம்ப் தேவை. அதன் சுவர் வழியாகக் கூலன்ட்டிலுள்ள நீர் ஆவியாக மெல்ல வெளியேறுவதால் அளவையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வீட்டு உபயோகக் காருக்கு நல்ல ஈபிடிஎம் ஹோஸே போதும்.

ஸ்பிரிங் கிளாம்பா, திருகுக் கிளாம்பா?

காரோடு வந்தது ஸ்பிரிங் கிளாம்ப் என்றால் அதே வகையைப் போடுங்கள். சூட்டில் ஹோஸ் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அது தானே கூடவே விரிந்து சுருங்கி, ஒரே அழுத்தத்தைத் தருகிறது. அதைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிளையர் வழுக்கினால் தெறித்து முகத்தில் அடிக்கும்.

திருகுக் கிளாம்ப் போடுவதானால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். பழைய கிளாம்பைத் திரும்பப் போடுவது வேண்டாத சிக்கனம். முக்கியமாக, பிளாஸ்டிக் தொட்டி உள்ள ரேடியேட்டரில் பலம் காட்டாதீர்கள். ஹோஸின் ரப்பர், கிளாம்பின் பட்டைக்கு இருபுறமும் லேசாக மேடுதட்டினால் போதும், பட்டையின் வெட்டுகளுக்குள் ரப்பர் பிதுங்குகிறது என்றால் கூடிவிட்டது.

எஞ்சின் எவ்வளவு ஆற வேண்டும்?

மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்து, அமுக்கிப் பார்க்க முடிய வேண்டும். கை சுட்டாலோ, ஹோஸ் விறைப்பாக இருந்தாலோ காத்திருங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரமே கூடாது. பல கார்களில் ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 முதல் 1.1 பார் (அழுத்த அலகு) வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய்விடும், 106, 107 டிகிரியிலேயே கொதிக்கக்கூடிய திரவமாக அது மாறிவிடும். உள்ளே அதைவிடச் சூடாக இருந்தது அத்தனையும் ஆவியாகச் சீறி முகத்துக்கு வரும். அந்தத் தீக்காயம் மோசமானது. ராத்திரி நிறுத்தி காலையில் வேலையை ஆரம்பிப்பதே உத்தமம்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்தபிறகும் மின்விசிறி தானே ஓடத் தொடங்கும்; அப்போது விரல் அங்கே இருக்கக் கூடாது. காரைத் தூக்கி அடியில் போக வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள்.

கூலன்ட்டை எப்படி வடிப்பது?

ரேடியேட்டரின் அடியில் ஒரு வடிதிருகு இருக்கும். அடியில் அகலமான பாத்திரம் வைத்து, மூடியைத் திறந்து, திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். சின்னக் கார்களில் மொத்தக் கூலன்ட் 4 முதல் 6 லிட்டர்வரை இருக்கும், பெரிய எஞ்சின்களில் 10 லிட்டரையும் தாண்டும். பாத்திரம் அதற்கேற்ற அளவில் இருக்கட்டும்.

அந்தத் திருகு பிளாஸ்டிக்காக இருந்து, கையால் அசையவில்லை என்றால் பிளையர் போட்டுத் திருகாதீர்கள். உடைந்தால் ரேடியேட்டரையே கழற்ற வேண்டி வரும். கீழ் ஹோஸ் எப்படியும் கழற்றத்தானே போகிறோம், அதன் வழியாகவே வடித்துக்கொள்ளலாம். ஒரேயடியாகக் கொட்டும், அவ்வளவுதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கீழே இருந்தால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை போட்டு மூடிவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஹோஸும் எப்படி வளைந்து போகிறது, கிளாம்பின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் காராக இருந்தால் ரேடியேட்டரின் அடிப்பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள் கியர் ஆயிலுக்காக வரலாம். அவற்றைத் தொட வேண்டாம்.

பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர், மூக்கோடு பசைபோட்ட மாதிரி ஒட்டியிருக்கும். மனிதர்கள் இயல்பாகச் செய்வது, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பது. ரேடியேட்டர் தொட்டி பித்தளையாக இருந்தால் அதையும் தாங்கும். கண்ணாடி இழை கலந்த நைலான் தொட்டியாக இருந்தால், அத்தனை வருடச் சூட்டில் அது ஏற்கெனவே மொறுமொறுப்பாகி இருக்கும். கடக் என்று ஒரு சத்தம், மூக்கு ஹோஸோடு கையில் வந்துவிடும். ஹோஸ் மாற்ற வந்தவர் ரேடியேட்டர் வாங்கப் போக வேண்டியதுதான்.

முதலில் கிளாம்பைத் தளர்த்தி ஹோஸின் நடுப்பக்கமாக நகர்த்திவிடுங்கள். ஹோஸைப் பக்கவாட்டில் ஆட்டாமல், குழாயின் அச்சிலேயே லேசாகத் திருகிப் பாருங்கள். ஒட்டு விட்டுவிட்டால் திருகிக்கொண்டே வெளியே இழுக்கலாம். முனை மழுங்கிய வளைந்த கொக்கி இருந்தால் ரப்பருக்கும் மூக்குக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள்.

அப்படியும் அசையவில்லையா? அறுத்துவிடுங்கள். தூக்கிப்போடப் போகிற ஹோஸுக்கு என்ன மரியாதை! மூக்கு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி ஹோஸைக் குறுக்கே வெட்டி எடுத்துவிட்டு, மூக்கின்மேல் மிஞ்சிய துண்டை நீளவாக்கில் கத்தியால் கீறுங்கள். முழு ஆழத்துக்கும் ஒரே கீறலில் போகாதீர்கள். கத்தி மூக்கைத் தொட்டு நீளமாகக் கோடு போட்டால் புது ஹோஸ் அந்தக் கோட்டின் வழியாக ஒழுகும். முக்கால் ஆழம் கீறி, மீதியை விரலால் பிளந்து ஆரஞ்சுத் தோலை உரிப்பதுபோல் உரித்தெடுங்கள். அந்தத் துண்டைத் தூக்கி எறியுமுன் உட்புறத்தை வெளியே மடித்துப் பாருங்கள். முன்பு சொன்ன நீளவாக்கு விரிசல்கள் முனையை ஒட்டி வரிவரியாகத் தெரியும்.

ஹீட்டர் ஹோஸ்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவை மாட்டியிருக்கும் ஹீட்டர் கோர் குழாய்கள் மெல்லிய தகட்டால் ஆனவை. முறுக்கி நசுக்கினால், பல கார்களில் டேஷ்போர்டையே பிரித்துத்தான் ஹீட்டர் கோரை மாற்ற முடியும். அங்கே திருகிப் பார்ப்பதுகூட வேண்டாம், நேராகக் கீறி உரித்துவிடுங்கள். வழியில் மூன்று குழாய் சேரும் பிளாஸ்டிக் டி இணைப்பு இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

கட்டாயம். பழைய ரப்பர் துணுக்குகளும், அலுமினியமாக இருந்தால் வெள்ளைப் பொடியும் ஒட்டியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் குழாயைச் சுற்றியவாறு தேயுங்கள், நீளவாக்கில் தேய்க்க வேண்டாம். தூசி உள்ளே விழாமல் ஒரு துணியை அடைத்துக்கொண்டு, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். விரலை ஓட்டிப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். அரித்து ஆழமாகக் குழி விழுந்திருந்தால் எந்த ஹோஸும் அடைக்காது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

புது ஹோஸ் ஏற மாட்டேன் என்கிறது. கிரீஸ் தடவலாமா?

கூடாது. கிரீஸ், எஞ்சின் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் ஈபிடிஎம் ரப்பருக்கு ஆகாது, ஊறிப் பெருத்து இளகிவிடும். கொஞ்சம் கூலன்ட்டையே மூக்கில் தடவுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர். அதற்கும் ஏறவில்லை என்றால் ஹோஸின் முனையைச் சற்று நேரம் வெந்நீரில் வையுங்கள்.

கிளாம்பை முதலிலேயே ஹோஸில் கோத்துவிடுங்கள், மாட்டியபின் நினைவு வந்தால் திரும்பக் கழற்ற வேண்டும். மூக்கின் நுனியில் ஒரு மேடான வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி முழுக்க உள்ளே போக வேண்டும். கிளாம்ப் அந்த வளையத்துக்கும் ஹோஸின் விளிம்புக்கும் நடுவே, விளிம்பிலிருந்து 3 மி.மீ. அளவு விட்டு உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே கிளாம்பை இறுக்கினால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கழன்று வந்துவிடும். கசிவு அடைக்கும் பசை எதுவும் தேவையில்லை. சுத்தமான மூக்கு, சரியான விட்டம், நல்ல கிளாம்ப் மூன்றும் இருந்தால் ஒழுகாது.

இறுக்கும் முன், ஹோஸ் தன் இயல்பான வளைவில் முறுக்கில்லாமல் இருக்கிறதா, பெல்ட்டையும் விசிறியையும் விட்டு விலகி நிற்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அசையும், அதற்கும் சேர்த்து இடம் வேண்டும்.

எந்தக் கூலன்ட் ஊற்றுவது? வெறும் தண்ணீர் போதாதா?

காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறம் வெறும் சாயம், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன. இரு வகை கலந்தால் துருத் தடுப்புப் பொருள்கள் ஒன்றையொன்று கெடுத்து, சிலசமயம் கொழகொழப்பான கசடாகிவிடும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், சுத்தமான தண்ணீர் விட்டு ஓட்டி, வடித்து, வடிவது தெளிவாகும்வரை அலசிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.

அடர்த்தியான வகை என்றால் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படியும்.

வெறும் தண்ணீரில் கொதிநிலை குறைவு, துரு பிடிக்கும், பம்பின் சீலுக்கும் ஆகாது, உறைபனி உள்ள இடமென்றால் உறைந்து எஞ்சினையே வெடிக்க வைக்கும். பாதிக்குப் பாதிக் கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. ஆனால் கூலன்ட் அதிகம் இருந்தால் நல்லது என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றவும் கூடாது. சூட்டைக் கடத்துவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன்.

ஊற்றிவிட்டேன், நிரம்பிவிட்டது. அவ்வளவுதானே?

இன்னும் காற்றை எடுக்க வேண்டும். நிரம்பிவிட்டதுபோல் தெரிவதற்குக் காரணமே உள்ளே சிக்கிய காற்றாக இருக்கலாம். காற்றுப்பை தெர்மோஸ்டாட்டுக்கு அடியிலோ சிலிண்டர் ஹெட்டிலோ நின்றுவிட்டால் அந்த இடத்தில் கூலன்ட் படாமல் உலோகம் பழுக்கும். வெப்ப முள்ளின் சென்சார் காற்றில் நின்றால் அது சரியாகவும் காட்டாது. ஹோஸை அழகாக மாற்றிவிட்டு ஹெட் கேஸ்கெட்டைத் தொலைப்பது இப்படித்தான்.

ரேடியேட்டரிலேயே மூடி உள்ள பழைய கார்களுக்கு நான் சொல்லும் முறை இது. காரின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். கழற்றிய பேட்டரி ஒயரை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் திறந்து, அதன் வழியாகக் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள், பிறகு மூடுங்கள். அவசரமாக ஊற்றினால் காற்று கீழேயே மாட்டிக்கொள்ளும். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்துவிடுங்கள், குளுக் குளுக் என்று குமிழிகள் மேலே வரும்.

பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரிக்குள் திறக்கும். திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், வாயில் தெரியும் மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்று, மட்டம் நிலையாகி, உள்ளே ஹீட்டரில் சூடான காற்று வந்தால் மூடியைப் போடலாம். விசிறி ஒருமுறையாவது ஓடி நிற்கும்வரை வெப்ப முள்ளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

முள் ஏறுகிறது, ஆனால் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கிறது. அல்லது ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது என்றால் காற்று அடைத்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. உடனே எஞ்சினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

அழுத்தம் தாங்கும் தனித்தொட்டி உள்ள கார்களில் முறை மாறும், கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ன பார்க்க வேண்டும்?

கொஞ்ச தூரம் ஓட்டி, மறுநாள் குளிர்ந்தபின் மட்டத்தைப் பாருங்கள், சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. திருகுக் கிளாம்புகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ரப்பர் சூடுபட்டு அமர்ந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எஞ்சின் மேல் சிந்திய கூலன்ட் காய்ந்து இனிப்பு வாடையோடு லேசாகப் புகை வரலாம், அது போய்விடும். பெல்ட்டில் பட்டிருந்தால் கிறீச்சிடும், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மேல் ஹோஸ் ஆறியபின் சப்பிப்போகிறது. புது ஹோஸே மட்டமா?

ஹோஸின்மேல் பழி போடாதீர்கள். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும்; ரேடியேட்டர் மூடியிலுள்ள சின்ன வால்வு திறந்து ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட்டை இழுக்க வேண்டும். வால்வு ஒட்டிக்கொண்டாலோ அந்தச் சின்னக் குழாய் அடைத்தாலோ ஹோஸ் சப்பும். ஹோஸ் மாற்றும்போதே மூடியையும், அதில் அச்சிட்ட அதே அழுத்த அளவில், மாற்றிவிடுவது நல்லது. மாறாக, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக விறைத்தால் எஞ்சினில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறதா என்று சோதிக்க வேண்டும், ஹெட் கேஸ்கெட் சந்தேகம் அது. அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றலாமா?

பல எஞ்சின்களில் மேல் ஹோஸைக் கழற்றினால் இரண்டு மூன்று போல்ட் தூரத்தில் அது இருக்கும். பழையது என்றால் மாற்றுங்கள், கேஸ்கெட்டும் புதிது போடுங்கள். தெர்மோஸ்டாட்டில் லேசாக ஆடும் சின்னப் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பிக்கும்.

வழியில் ஹோஸ் வெடித்துவிட்டால்?

ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். நன்றாக ஆறியபின், கிளாம்பை ஒட்டிய பிளவாக இருந்து ஹோஸில் நீளம் மிச்சம் இருந்தால் கெட்டுப்போன முனையை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் பிளவு என்றால், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பைத் துடைத்துக் காயவைத்த ஹோஸில் இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண டேப் ஈரத்தில் நிற்காது. தண்ணீராவது ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முள்ளைப் பார்த்தபடி மெதுவாகப் பக்கத்து இடம்வரை போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

வடித்த பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. அதனால் வேலை நடக்கும்போதே பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள கேனில் ஊற்றி, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, பழைய ஆயிலும் கூலன்ட்டும் வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிக் கட்டியபின், அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.